24ஆல் பெருக்கினா 8 பைட்தான் வருது: கெர்னல் டிரைவரில் இன்டிஜர் ஓவர்ஃப்ளோவை எங்கே அடைக்கணும்?

கப்பலூர்_லாகர் கேட்டது

வணக்கம். கப்பலூர், திருமங்கலம் பக்கத்து நூற்பாலைகளுக்காக நூல் அறுபடுறதை எண்ணுற டேட்டா லாகர் ஒன்னு தயாராகுது. 32 பிட் ஆர்ம் போர்டு, போர்டோட வந்த 4.9 லினக்ஸ் கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி). ஒரு ரிங் ஃபிரேமுக்கு 1008 ஸ்பிண்டில், ஒரு ஸ்பிண்டிலுக்கு 24 பைட் ரெக்கார்டு. ஆப்ல இருந்து ஐஆக்டில் (ஆப் டிரைவரைக் கூப்பிடுற அழைப்பு) வழியா எண்ணிக்கையும் ரெக்கார்டுகளும் டிரைவருக்கு வருது. டிரைவர்ல இருக்கிறதைத் தமிழ்ல எழுதினா இவ்வளவுதான் (கேமல்லாக் கெர்னல் மெமரில இடம் ஒதுக்கும், கிடைக்கலைன்னா நல் தரும்; காப்பி_ஃப்ரம்_யூசர் ஆப்போட மெமரில இருந்து எடுத்து அங்கே வைக்கும்):

மொத்தம் = எண்ணிக்கை * 24
மொத்தம் > 65536 என்றால் பிழை
இடம் = கேமல்லாக்(மொத்தம்)
இடம் நல் என்றால் பிழை
எண்ணிக்கை தடவை சுற்று: ஒவ்வொரு ரெக்கார்டாக காப்பி_ஃப்ரம்_யூசர்

எண்ணிக்கை, மொத்தம் ரெண்டுமே 32 பிட் அன்சைன்டு. 1008, 2016 கொடுத்தா ஓடுது. 5000 கொடுத்தா மறுக்குது. இருக்கிறதிலேயே பெரிய எண்ணான 4294967295 கொடுத்தாலும் மறுக்குது. ஆனா 178956971 கொடுத்தா கெர்னல் ஊப்ஸ் (உள்பிழை அறிவிப்பு) அடிச்சு போர்டு நின்னுடுது.

கேள்விகள்: சோதனை இருந்தும் இது எப்படி உள்ளே போச்சு? அடுத்து 64 பிட் போர்டுக்கு மாறப்போறோம், மாறினா இது தானா தீர்ந்துடுமா? இதே டிரைவர்ல எம்மேப் (சாதன மெமரியை ஆப்புக்குக் காட்டுற) பகுதியில "(பக்க ஆஃப்செட்டை 12 பிட் இடது பக்கம் தள்ளு) + நீளம் > 1048576 என்றால் பிழை"ன்னு இருக்கு, அது போதுமா? ஸ்பிண்டில் பக்கத்துல இருக்கிற சின்ன கன்ட்ரோலர்ல ஃப்ரீஆர்டிஓஎஸ் 10.2 (சின்னக் கருவிகளுக்கான ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஓடுது, அதையும் பார்க்கணுமா?

யானைமலை

தம்பி, முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். 178956971 × 24 = 4294967304. 32 பிட்டுக்குள்ள அடங்குற பெரிய எண் 4294967295. அதுக்கு மேல போனா 4294967296ஐக் கழிச்சு மிச்சம்தான் நிக்கும். மிச்சம் 8. உங்க சோதனை அந்த 8ஐப் பார்த்து, "65536க்குக் கீழேதானே, போகலாம்"னு விட்டுடுச்சு. சோதனை வேலை செய்யாம இல்ல. அது கைக்கு வந்தப்பவே எண் கெட்டுப்போயிருந்துச்சு.

கல்யாண மண்டபத்துல இலைக்கு ஆர்டர் எழுதுற சீட்டுல மூணே கட்டம்னு வச்சுக்கங்க. 1004 எழுதப்போனா 004ன்னு பதியும். இலைக்காரர் நாலு இலை கொண்டுவருவார். பந்திக்கு 1004 பேர் வந்து உட்காருவாங்க. சீட்டுல எண் சுருங்குனதோட நின்னிருந்தா சேதம் இல்ல. இடம் கேட்டது ஒரு எண்ணை வச்சு, நிரப்புறது வேற எண்ணை வச்சு. ஓட்டை அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. உங்க சுற்று 178956971 தடவைன்னு நெனச்சு எழுதிக்கிட்டே போகுது.

8 பைட் கேட்டாலும் 32 பிட் ஆர்ம்ல பெரும்பாலும் 64 பைட் துண்டுதான் கிடைக்கும், கேஷ் வரி அளவு அது. அதனால முதல் ரெண்டு ரெக்கார்டு 48 பைட்ல அடங்கிடும், மூணாவது ரெக்கார்டு 72 வரை போய் பக்கத்துத் துண்டை மிதிக்கும். உடனே விழாம கொஞ்சம் தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்துல ஊப்ஸ் வர்றது இதனாலதான். ஊப்ஸ்ல தெரியுற ஃபங்ஷனை மட்டும் வச்சுக்கிட்டுத் தேடாதீங்க.

போர்டு நின்னது ஒரு வகையில நல்லது. கெட்ட எண்ணத்தோட வர்றவன் நிக்க விடமாட்டான். பயனர் பக்க பஃபரை அவன் விரும்புற இடத்துல முடிச்சு, அடுத்த பக்கத்தை மேப் செய்யாம விட்டா, காப்பி_ஃப்ரம்_யூசர் அங்கே தோத்துப்போய் சுற்று அமைதியா வெளியேறிடும். அதாவது பக்கத்துத் துண்டுல எத்தனை பைட் எழுதணும், என்ன எழுதணும்னு ரெண்டையும் அவனே தீர்மானிக்கிறான். இதை வெறும் கிராஷ்னு ஒதுக்காதீங்க. சாதாரண பயனர் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆகுற பாதை இது.

சரி செய்யறது இப்படி. பெருக்குறதுக்கு முன்னாடி எண்ணிக்கையையே சோதிங்க. 65536ஐ 24ஆல் வகுத்தா முழுசா 2730, அதாவது 65520 பைட். எண்ணிக்கை 0 ஆனாலும் 2730க்கு மேல போனாலும் ஈஇன்வால் (தப்பான மதிப்புங்கிற பிழை) திருப்பிடுங்க. அப்புறம் கேமல்லாக்குக்குப் பதிலா கேமல்லாக்_அர்ரே, அதுக்கு எண்ணிக்கையையும் ரெக்கார்டு அளவையும் தனித்தனியா கொடுங்க. உள்ளே அதுவே ஓவர்ஃப்ளோ பார்த்து நல் திருப்பும். ரெண்டும் வேணுமான்னு கேப்பீங்க. வேணும். நாளைக்கு யாராவது 2730ஐ ஏத்தி எழுதுவாங்க, அன்னைக்கு ரெண்டாவது காப்பாத்தும்.

0ஐ ஏன் தடுக்கணும்னா, கேமல்லாக்(0) நல் தராது. 16ங்கிற போலி முகவரியைத் தரும். உங்க நல் சோதனை அதை விட்டுடும். 536870912 கொடுத்துப் பாருங்க: 24ஆல் பெருக்கினா சரியா 4294967296இன் மூணு மடங்கு, மிச்சம் 0.

இன்னொன்னு. எண்ணிக்கையைப் பயனர் மெமரில இருந்து ஒரே ஒரு தடவை எடுத்து உள்ளூர் மாறியில வச்சுக்கங்க. சோதிக்க ஒரு தடவை, சுற்றுக்கு இன்னொரு தடவைன்னு எடுத்தா, நடுவுல இன்னொரு த்ரெட் அதை மாத்திடும். அப்ப மேலே சொன்ன எந்தச் சோதனையும் நிக்காது.

கேமல்லாக்_அர்ரே 3.4லயே வந்துடுச்சு, உங்க 4.9ல இருக்கு. தலைப்பு ரெக்கார்டும் அதுக்குப் பின்னாடி வரிசையும் சேர்ந்து வந்தா ஸ்ட்ரக்ட்_சைஸ் இன்னும் வசதி. ஓவர்ஃப்ளோ ஆனா அது உச்ச எண்லயே நின்னுடும், ஒதுக்கீடு தோக்கும். ஆனா அது 4.18லதான் வந்துச்சு. 6.7ல வந்த மெம்டப்_அர்ரே_யூசர் சோதனை, ஒதுக்கீடு, காப்பி மூணையும் ஒரே அழைப்புல முடிக்கும். 4.9க்கு 2023 ஜனவரியோட ஆதரவு முடிஞ்சுபோச்சு, போர்டு மாறும்போது கெர்னலையும் மாத்திடுங்க.

நாகமலை

64 பிட் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தானாகத் தீராது.

எண்ணிக்கை 32 பிட் மாறி. அதை 24 என்று கையால் எழுதிய எண்ணோடு பெருக்கினால், 64 பிட் கணினியிலும் சி மொழி அந்தப் பெருக்கலை 32 பிட்டிலேயே செய்து முடிக்கும். விடை 8 ஆன பிறகுதான் அதை 64 பிட் மாறிக்குள் வைக்கும். பெரிய அண்டாவில் ஊற்றினாலும் ஆழாக்கு ஆழாக்குதான். 24க்குப் பதில் சைஸ்ஆஃப் எழுதியிருந்தால் கதை வேறு: சைஸ்ஆஃப் தருவது சைஸ்_டி வகை, அது 64 பிட் லினக்ஸில் 64 பிட், ஆகவே பெருக்கலும் 64 பிட்டில் நடக்கும். ஒரே வரி, எழுதிய விதத்தால் ஒன்று ஓட்டை, மற்றது இல்லை. மொத்தம் என்ற மாறியும் சைஸ்_டி ஆக வேண்டும், இல்லாவிட்டால் சரியாக வந்த விடை வைக்கும்போது வெட்டுப்படும்.

இந்த வெட்டு சின்ன விஷயம் இல்லை. 2021 ஜூலையில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட சிவிஇ-2021-33909 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பதிவு எண்), செக்கோயா என்று பெயர் வைத்தார்கள், முழுக்க 64 பிட் லினக்ஸில் நடந்தது. கெர்னலின் சீக்_ஃபைல் பகுதி பஃபரை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். அளவு சைஸ்_டி வகையில் சரியாகவே இருந்தது. அதைக் கூப்பிட்ட இடத்துக்கு இன்ட் வகையாகக் கடத்தினார்கள். மொத்தப் பாதை 1 ஜிபியைத் தாண்டும்படி டைரக்டரிக்குள் டைரக்டரியாக உருவாக்கி மவுன்ட் செய்தால் பஃபர் 2 ஜிபிக்குப் போகும். 2147483648 என்பது இன்ட்டில் −2147483648. எழுதும் இடம் பஃபருக்கு 2 ஜிபி கீழே போய்விட்டது. 2014இல் 3.16இல் நுழைந்த ஓட்டை, ஏழு வருடம் இருந்தது. திருத்தம் ஒரு சோதனைதான்: அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் ஒதுக்காதே.

பெருக்கல், வெட்டு தவிர மூன்றாவது வகை, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவது. சிவிஇ-2016-0728இல் கீரிங் (சாவிகளை வைத்திருக்கும்) பகுதியின் 32 பிட் ரெஃபரன்ஸ் எண்ணியை (ஒன்றை எத்தனை இடத்தில் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) ஒரு பிழைப் பாதை ஏற்றிவிட்டு இறக்காமல் விட்டது. 4294967296 தடவை அழைத்தால் எண்ணி பூஜ்யம், இன்னும் பயன்பாட்டில் இருக்கும் மெமரி விடுவிக்கப்பட்டுவிடும். அத்தனை தடவை யார் அழைப்பார்கள் என்று விட முடியாது, அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. உங்கள் டிரைவரில் ஓப்பன் செய்யும்போது ஏற்றும் எண்ணி ஏதாவது இருந்தால் அதை ரெஃப்கவுன்ட்_டி ஆக்குங்கள். அது உச்சத்தில் ஒட்டிக்கொள்ளும், சுற்றி வராது. 4.11இலிருந்து உண்டு.

கப்பலூர்_லாகர்

நன்றிண்ணே, நன்றிக்கா. 24ன்னு கையாலதான் எழுதியிருக்கு, மாத்திடுறேன். எம்மேப் சோதனை மட்டும் இன்னும் புரியல. அங்கே பெருக்கலே இல்லையே?

சமணமலை

பக்க ஆஃப்செட்டை 12 பிட் தள்ளுறதே 4096ஆல் பெருக்குறதுதாங்க. அதுக்கு மேல ஒரு கூட்டலும் இருக்கு. உங்க சோதனைக்கு இந்த எண்களைப் போட்டுப் பாருங்க: ஆஃப்செட் 1048575 பக்கம், நீளம் 8192.

1048575 × 4096 = 4294963200
4294963200 + 8192 = 4294971392
32 பிட்டில் மிச்சம் 4096

4096 உங்க 1048576ஐ விடச் சின்னது, சோதனை விட்டுடும். அடுத்த வரியில ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் (பக்கங்களை மேப் பண்ற ஃபங்ஷன்) எந்த எண்ணை எடுக்குது? தொடக்கப் பக்கம் + 1048575. எல்பிஏஇ (32 பிட்டை விடப் பெரிய பிசிகல் முகவரி வசதி) இல்லாத 32 பிட் ஆர்ம்ல அதுவும் சுத்தி வந்து, உங்க சாதனத்துக்கு ஒரு பக்கம் முன்னாடி இருக்கிற பிசிகல் மெமரியைப் பயனர் கையில கொடுத்துடும். ஆஃப்செட்டைக் குறைச்சு நீளத்தைக் கூட்டினா இன்னும் முன்னாடி போகலாம். யானைமலை அண்ணன் சொன்ன அதே சங்கதி: சோதிச்சது ஒரு எண், பயன்படுத்துனது இன்னொன்னு.

சரியான வடிவம் கூட்டாம எழுதுறது. சாதனம் 1 எம்பி, அதாவது 256 பக்கம்.

ஆஃப்செட் > 256 என்றால் பிழை
நீளப் பக்கங்கள் > 256 − ஆஃப்செட் என்றால் பிழை

இந்த வரிசையை மாத்தக்கூடாது. முதல் வரி இருக்கிறதாலதான் ரெண்டாவது வரியோட கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. முதல் வரியை விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு சிவிஇ-2022-0185 இருக்கு. ஃபைல் சிஸ்டம் அமைப்பு அளவுருக்களைச் சேர்த்து வைக்கிற 4096 பைட் பஃபர். சோதனை "நீளம் > 4096 − 2 − இதுவரை சேர்ந்த அளவு"ன்னு இருந்துச்சு. சேர்ந்த அளவு 4095 ஆனா வலது பக்கம் −1. அன்சைன்டுல அது 18446744073709551615. எந்த நீளமும் அதை விடச் சின்னதுதான், அதனால சோதனையே இல்லாத மாதிரி ஆச்சு. 5.1ல வந்தது, 2022 ஜனவரியில 5.16.2ல அடைச்சாங்க. "அளவு + நீளம் + 2 > 4096"ன்னு கூட்டலா மாத்தினாங்க, அங்கே ரெண்டு எண்ணும் சின்னதுங்கிறதால கூட்டல் பத்திரம். அதனால "எப்பவும் கழிச்சு எழுது"ன்னு மனப்பாடம் பண்ணாதீங்க. அந்த வரியில எந்தப் பக்கம் சுத்தி வர முடியும்னு ஒவ்வொரு தடவையும் கேட்கணும்.

நீங்களே எழுதுறதை விட விஎம்_ஐஓமேப்_மெமரி கூப்பிடுறது நல்லது. பிசிகல் தொடக்கமும் அளவும் கொடுத்தா போதும், மேலே உள்ள ரெண்டு சோதனையையும் அதுவே இதே வரிசையில செய்யும். 3.9ல இருந்து இருக்கு. 2018ல 4.17 கெர்னல்ல எம்மேப்போட பொதுப் பாதையிலயே ஒரு வரம்பு போட்டாங்க, டிரைவர்கள் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பத் தப்பா எழுதுறாங்கன்னுதான். மேலே சொன்ன 1048575ஐ அது மறுத்துடும். உங்க 4.9ல அது இருக்கும்னு நம்பி விட்டுடாதீங்க.

பழைய உதாரணம் 2003ல இருக்கு. 2.4.22 வரைக்கும் டூ_பிஆர்கே ஃபங்ஷன்ல முகவரி + நீளம் பயனர் எல்லையைத் தாண்டுதான்னு பார்க்கவே இல்ல. ஹீப்பை நீட்டிக்கிட்டே கெர்னல் முகவரிக்குள்ள போயிடலாம். அந்த நவம்பர்ல டெபியன் சர்வர்களுக்குள்ள நுழைஞ்சவங்க ரூட் ஆனது இது வழியாத்தான். 2.4.23ல அடைச்சாங்க.

வண்டியூர்_கண்மாய்

ஃப்ரீஆர்டிஓஎஸ் 10.2ஐக் கண்டிப்பா பாருங்க. 2021 ஏப்ரல்ல மைக்ரோசாஃப்ட்டின் செக்‌ஷன் 52 குழு பேட்அலாக்னு ஒரு தொகுப்பு வெளியிட்டுச்சு. சின்னக் கருவிகள்ல ஓடுற ஆப்பரேட்டிங் சிஸ்டங்கள், சி லைப்ரரிகள் இதுகளோட மெமரி ஒதுக்கீட்டு ஃபங்ஷன்கள்ல மட்டும் 25க்கு மேல ஓட்டை, பெரும்பாலும் இதே பெருக்கல், கூட்டல்தான். அந்த ஆகஸ்ட்ல கியூஎன்எக்ஸ் 6.5 எஸ்பி1 வரைக்கும் காலாக் இதே மாதிரி இருந்ததை அறிவிச்சாங்க.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ல 10.4.3ல அடைச்சாச்சு. உங்க 10.2ல ரெண்டு இடம் பாருங்க. ஹீப்_2 (அதோட மெமரி ஒதுக்கீட்டு வகைகள்ல ஒன்னு) வச்சிருந்தா, கேட்ட அளவோட தலைப்புக்கு 8 பைட் கூட்டும்போது சுத்தி வரும்: 4294967292 + 8 = 4. ஹீப்_4ல மேல் பிட்டை முன்னாடியே பார்க்கிறதால இந்த வழி பெரும்பாலும் அடைஞ்சிருக்கு. ஆனா கியூ உருவாக்கும்போது நீளம் × ஒரு பொருளின் அளவுங்கிற பெருக்கல் ஹீப்புக்குப் போறதுக்கு முன்னாடியே நடக்குது, அங்கே எந்த ஹீப் வச்சாலும் ஒன்னுதான். 24 பைட் பொருள், 178956971 நீளம்னா அதே 8.

பதற வேண்டாம், கியூ நீளத்தை நீங்க கோட்ல நிலையான எண்ணா எழுதியிருந்தா வெளியில இருந்து யாரும் தொட முடியாது. ஆர்எஸ்-485 பாக்கெட்லயோ வைஃபை வழியாவோ வர்ற எண்ணை வச்சு ஒதுக்குற இடம் இருக்கான்னு மட்டும் தேடுங்க. இருந்தா அன்னைக்கே அடைக்கணும். நியூலிப் லைப்ரரி 4.0.0க்கு முந்தினதுன்னா மெம்அலைன் வகை ஃபங்ஷன்களும் இந்தப் பட்டியல்ல வரும்.

நாகமலை

சோதிக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் முதல் பதிவில் ஒரு பொறி இருக்கிறது. 4294967295 கொடுத்து மறுத்ததைப் பார்த்து நிம்மதி அடைவது பலரும் செய்வது. 4294967295 × 24இன் மிச்சம் 4294967272. அது பெரிய எண், அதனால் மறுத்தது. உச்ச எண்ணைக் கொடுப்பது இந்த ஓட்டையைக் காட்டாது. சுற்றி வந்து சின்னதாக விழும் எண்ணைக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்: 4294967296ஐ ரெக்கார்டு அளவால் வகுத்து, முழு எண்ணோடு ஒன்று கூட்டுங்கள். உங்களுக்கு வேண்டிய வரிசை 0, 1, 2730, 2731, 178956970, 178956971, 357913942, 536870912, 4294967295. இதில் 1, 2730 இரண்டு மட்டும் வெற்றி பெற வேண்டும். மற்ற ஏழும் ஈஇன்வால். ஈநோமெம் (மெமரி இல்லை என்ற பிழை) வந்தால், உங்கள் சோதனையைத் தாண்டி ஒதுக்கீடு வரை போயிருக்கிறது என்று பொருள்.

64 பிட் போர்டு வந்த பிறகும் இதே வரிசையை ஓட்டுங்கள்.

கேசான் (கெர்னலின் மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) இருந்தால் எல்லை மீறிய முதல் பைட்டிலேயே பிடித்துவிடும். 32 பிட் ஆர்முக்கு அது 5.11இல்தான் வந்தது, 64 பிட் ஆர்முக்கு 4.4இலேயே உண்டு. ஆகவே டிரைவரின் ஐஆக்டில் பகுதியைத் தனியாகப் பிரித்து, கியூஇஎம்யுவில் (கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) 64 பிட் ஆர்ம் கெர்னலில் கேசானோடு ஓட்டிப் பாருங்கள். பெருக்கலை 32 பிட் மாறியிலேயே விட்டு ஒரு தடவை ஓட்டுங்கள், பிடிக்கிறதா என்று தெரிய வேண்டும். பிறகு திருத்தியதை ஓட்டுங்கள். 4.9 போர்டிலேயே பார்க்க வேண்டுமானால் ஸ்லப்_டீபக் பூட் அளவுருவில் ரெட்ஜோனை (துண்டின் ஓரத்தில் வைக்கும் காவல் பைட்டுகள்) போடுங்கள். அது மீறிய உடனே சொல்லாது, துண்டை விடுவிக்கும்போதுதான் சொல்லும்.

யுபிசான் (சி மொழி வரையறுக்காத செயல்களைப் பிடிக்கும் கருவி) ஓவர்ஃப்ளோவைப் பிடிக்கும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். அன்சைன்டு எண் சுற்றி வருவது சி மொழி விதிப்படி பிழையே இல்லை, ஜிசிசி கம்பைலர் அதைச் சொல்லாது. கிளாங் கம்பைலரில் தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. சைன்டு எண்ணில் நிலைமை தலைகீழ்: அது விதிப்படியே வரையறுக்கப்படாதது. ஆப் பக்கம் "அ + ஆ < அ என்றால் பிழை" என்று இன்ட் வகையில் எழுதியிருந்தால், ஆப்டிமைசர் அந்தச் சோதனையையே நீக்கிவிட உரிமை உண்டு. கெர்னலை அந்த உரிமை இல்லாதபடி கம்பைல் செய்கிறார்கள், உங்கள் ஆப்பை அப்படிச் செய்வதில்லை. ஜிசிசி 5இலிருந்து கிடைக்கும் பில்டின்_மல்_ஓவர்ஃப்ளோ இரண்டு வகைக்கும் சரியாக வேலை செய்யும், ஆப் பக்கம் அதையே பயன்படுத்துங்கள்.

யானைமலை

ஒன்னு விட்டுப்போச்சு தம்பி. டிரைவர் ஃபைல் முழுக்க கேமல்லாக், கேஇசட்மல்லாக், விமல்லாக் மூணையும் தேடி, அடைப்புக்குள்ள பெருக்கல் குறியோ கூட்டல் குறியோ வர்ற வரிகளை மட்டும் தனியா எடுத்து வைங்க. காப்பி_ஃப்ரம்_யூசர், மெம்காப்பி ரெண்டுக்கும் அளவு எங்கிருந்து வருதுன்னு பக்கத்துலயே எழுதுங்க. ஒதுக்கின அளவும் நிரப்புற அளவும் ஒரே மாறியில இருந்து வரலைன்னா, எண் சின்னதா இருந்தாலும் அந்த வரியை மாத்துங்க. இந்த டிரைவர் அளவுக்கு ஒரு மதியத்துல முடிஞ்சிடும்.